தியாகு யாருக்குக் கீழே

ஈப்போ
10-2-1957

அன்பு மிகுந்த பூங்காவனம் அண்ணிக்கு,

பொன்னுதுரை வணக்கத்துடன் எழுதுவது. நானும் ருக்மணியும் பிள்ளைகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? புக்கிட் பாருவில் கோகிலாவும் மாப்பிள்ளையும் சுகம்தானே? தியாகு இல்லாமல் வந்த முதல் பொங்கல் இது. எழுத நினைத்தும் கை வரவில்லை. தைப்பூசத்துக்கு மலாக்கா வந்தும் அவசரத்தில் உங்களைப் பார்க்காமல் திரும்பிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னாலேயே ஒரு பெரிய தாள் வரும். நம் குடும்பத்தின் வம்ச மரம். எங்கள் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியதிலிருந்து இன்றுவரை யார் யாருக்கு யார் என்று கோடு போட்டிருக்கிறேன். சுதந்திரம் வந்த பிறகு யார் இங்கே இருப்பார்கள், யார் ஊருக்குத் திரும்புவார்கள் என்று சொல்ல முடியவில்லை. சிதறிப் போகும் முன் எல்லாரையும் ஒரே தாளில் உட்காரவைக்க ஆசை. இருப்பது ஒரே தாள். ஒரு வீடு பார்த்து அடுத்த வீட்டுக்கு அனுப்ப வேண்டும். கிள்ளானில் சித்தப்பா மகன் ஜெயபாலன் பார்த்தாகிவிட்டது. பிஸ்கட் கம்பெனி வேலையாக மலாக்கா வருகிறவன், அவனே கொண்டுவந்து கொடுப்பான். தவறு இருந்தால் சிவப்புப் பென்சிலால் ஓர் அடையாளம் மட்டும் போடுங்கள். கறுப்பு மையை நான்தான் தொடுவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கொழுந்தன்
பொன்னுதுரை


காஜா பெராங், மலாக்கா
3-3-1957

தம்பி பொன்னுதுரைக்கும் ருக்மணிக்கும்,

அண்ணி பூங்காவனம் எழுதுவது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், தெருவில் கச்சாங் பூத்தே கடலை விற்கிறவர்களுக்கு முறுக்கு சுட்டுக் கொடுக்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இருமல் விட்டதா? தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

தாள் வந்து சேர்ந்தது. தரையில் விரித்தால் சுருண்டு சுருண்டு கொள்கிறது. நாலு மூலைக்கும் முறுக்கு டின்னை வைத்துவிட்டு விரலாலேயே கோட்டைப் பிடித்துக்கொண்டு போனேன். நேரம் போனது தெரியவில்லை. உங்கள் தாத்தாவுக்கு இரண்டு சம்சாரம் என்று இத்தனை வருஷம் எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லையே. அந்த இரண்டாவது அம்மாள் பேருக்குப் பக்கத்தில் ஏன் கேள்விக்குறி? அப்புறம், ஆண்பிள்ளைகளுக்கெல்லாம் மேலே ஒரு கோடு இருக்கிறது. வீட்டுக்கு வந்த பெண்களுக்கு மேலே வெறும் வெள்ளையாக இருக்கிறது. நாங்கள் வானத்திலிருந்து விழுந்தோமா தம்பி? சும்மா கேட்கிறேன், தெரிந்துகொள்ளத்தான்.

பக்கத்து வீட்டு பாக்கியலட்சுமியும் வந்து பார்த்தாள். அவர்கள் மலாக்கா செட்டி, எந்தக் காலத்திலோ வந்த தமிழர்கள், வீட்டில் மலாய்தான் பேச்சு. எங்கள் வீட்டில் தாள் கிடையாது, பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்கு இலை போடுவோம், இலை போடும்போது பேரைச் சொல்லுவோம், அவ்வளவுதான் என்றாள். பேரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர்கள் பசியோடு திரும்பிப் போவார்கள் என்றாள்.

இப்போது விஷயம். ஜெயபாலன் காப்பி குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏன் அண்ணி, அத்தை மகன் உள்ளூர்லயே இருந்தப்ப கோகிலாவ எதுக்கு வெளிய குடுத்தீங்க? முறைப் பையன்தானே தியாகு?"

எனக்கு விளங்கவில்லை. கோகிலா அன்றைக்கு இங்கே இருந்தாள். "யாரு சித்தப்பா முறைப் பையன்? எங்கூடப் பொறந்த அண்ணனா?" என்று சிரித்துவிட்டாள். அவர் தாளைக் காட்டினார். எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் கீழே கோகிலா ஒருத்திதான் இருக்கிறாள். தியாகு பேர் செமாபோக்கில் இருக்கிற உங்கள் அக்காவுக்குக் கீழே இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை தவறியிருக்கும். நிறையக் கோடு போடும்போது ஒன்று இடம் மாறுவது சகஜம்தான். சிவப்புப் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறேன். அவனை எனக்குக் கீழே போட்டுவிடுங்கள்.

ருக்மணிக்கு அரிசி முறுக்கு தனியாக அனுப்புகிறேன்.

பூங்காவனம்


ஈப்போ
9-4-1957

அண்ணிக்கு வணக்கம்.

தாளும் முறுக்கும் வந்தன. முறுக்கு அன்றே தீர்ந்துவிட்டது. பிள்ளைகள் நலம். உங்கள் நலத்தை முருகன் பார்த்துக்கொள்வான்.

தாத்தாவின் இரண்டாவது மனைவி பற்றி எனக்கும் நிச்சயமில்லை, அதனால்தான் கேள்விக்குறி. பெண்களுக்கு மேலே கோடு இல்லாதது என் குறைதான். தாள் போதவில்லை.

தியாகு விஷயம். இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் நம் ஜனங்களை நான் தெரிந்துகொண்டேன். தாப்பாவில் ஒருவர் தம்பியோடு பேச்சு இல்லை என்பதால் தம்பியின் கோட்டையே அழிக்கச் சொல்கிறார். ஜெயபாலன் தன் மச்சான் குமாஸ்தா என்று பெரிய எழுத்தில் போடச் சொல்கிறான். ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறேன். ஒரு பேர் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மாறுவதானால், இழக்கிற வீடு சம்மதிக்க வேண்டும். செமாபோக் உங்களுக்குப் பக்கம்தானே. அக்காவிடம் ஒரு வார்த்தை வாங்கி எழுதுங்கள்.

வெயிலில் அலையாதீர்கள்.

பொன்னுதுரை


காஜா பெராங்
28-4-1957

தம்பிக்கு,

எல்லாரும் சௌக்கியம் என்று அறிந்து நிம்மதி. இங்கே ஒரு நல்ல சேதி. கோகிலா மாசமாக இருக்கிறாள். போன தடவை தங்கவில்லை அல்லவா, அதனால் வெளியே சொல்லவில்லை. ருக்மணியோடு இருக்கட்டும்.

உங்கள் விதி நல்ல விதிதான். ஆனால் இழக்கிற வீடு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பெற்றவள் நான். அவர்கள் எதை இழக்கிறார்கள்?

உங்களுக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் தாளில் ஒரு ஓரத்தில் எழுதிவைக்க உதவும் என்று சொல்கிறேன். எனக்கு முதல் மூன்றும் தங்கவில்லை. நாலாவது தியாகு. இவனையும் கண் திருஷ்டி கொண்டுபோய்விடும், தவிட்டுக்கு விற்றுவிடு என்றார்கள். தீட்டுக் கழித்த அன்று பிள்ளையை முறத்தில் போட்டு வாசலில் வைத்தேன். உங்கள் அக்கா தெருவில் போகிறவர் போல வந்து நின்றார்கள்.

"இந்தப் பிள்ளை விலைக்கா?"

"தவிட்டுக்குத் தாரேன்."

ஒரு படி தவிட்டை என் மடியில் கொட்டிவிட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது நாங்கள் ஒரே வரிசை வீடுதான். சாயங்காலம் திரும்பி வந்து, கூலிக்கு வைத்த ஆளிடம் சொல்கிற மாதிரி, "என் பிள்ளைக்குக் கொஞ்சம் பால் குடும்மா" என்று என்னிடம் நீட்டினார்கள். அப்படியே இங்கேயே வளர்ந்தான். பேச்சு வந்ததும் அவர்களை அம்மா என்றான். என்னை அத்தை என்றான், அப்பாவை மாமா என்றான். என் பிள்ளை என்று தெரிந்தால் அந்தக் கண்ணுக்குத் தெரியாததுக்கும் தெரிந்துவிடும், எடுத்துக்கொள்ளும். அதனால் நாங்களும் திருத்தவில்லை. பெரியவனான பிறகு கூட்டாளிகள் கேட்டால், "எனக்கு அம்மா செமாபோக்குல, சோறு காஜா பெராங்குல" என்பான்.

தவிட்டுக்கு விற்ற பிள்ளை பெற்றவளுக்குத்தான் பிள்ளை. இது நம் ஜனங்களில் எல்லாருக்கும் தெரியும். கோட்டைப் போட்டுவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு என் ஆசி.

பூங்காவனம்


ஈப்போ
20-5-1957

அண்ணிக்கு,

நலம். நலமறிய ஆவல். கோகிலாவைப் பற்றி ருக்மணிக்கு மிகுந்த சந்தோஷம், வேண்டுதல் வைத்திருக்கிறாள்.

நீங்கள் சொன்ன வழக்கம் எனக்குத் தெரியும். ஆனால் மீட்டுக்கொண்டால்தான் பிள்ளை திரும்புகிறது என்றும் சிலர் சொல்கிறார்கள். நீங்கள் மீட்டதாக யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் நினைவில் இருப்பது தியாகு அக்காவை அம்மா என்று கூப்பிட்டதுதான். சாவு வீட்டில்கூட அக்கா "மகனே" என்று அழுதார். நீங்கள் "மருமகனே" என்று அழுதீர்கள். வந்திருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். நான் தாளில் என்ன செய்வது, சொல்லுங்கள்.

வேலை அதிகம். மற்றவை பின்னர்.

பொன்னுதுரை


காஜா பெராங்
2-6-1957

தம்பிக்கு,

நீங்கள் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

ஆமாம், மருமகனே என்றுதான் அழுதேன். அவன் பிறந்ததிலிருந்து பழகின வாய். ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில் அது எப்படித் திடீரென்று மாறும்? நானும் மாற்றத்தான் பார்த்தேன். வார்த்தை நெஞ்சில் நின்றுகொண்டு பயமுறுத்தியது. இனிமேல் எடுத்துக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று யோசித்தேன். கோகிலா ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அவனும் கடைசியில் ஒன்றும் சொல்லவில்லை. செங் ஊர் மர ஆலையில் காலில் ஆணி ஏறினதை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது தாடை கட்டிவிட்டது. பல்லுக்கு நடுவில் ஸ்பூன்கூடப் போகவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என்னை என்னவென்று கூப்பிட நினைத்தான் என்று எனக்குத் தெரியாது. இது ஒன்றுதான் நான் தினமும் யோசிக்கிறது.

மீட்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஐந்து வயதில் மீட்பதாக இருந்தோம். அப்போது அவனுக்குக் காய்ச்சல், இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றார் உங்கள் அண்ணன். அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனபோது உங்கள் அண்ணன் லாரியில் ஏறிக்கொண்டே சொன்னார்: "நான் வந்து மீட்டுக்கறேன் பூவு. நீயா எதுவும் செஞ்சிடாத." அவர் வரவில்லை. நான் காத்திருந்தேன். செத்துவிட்டார் என்று ஒருத்தரும் வந்து சொல்லவில்லையே.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நேற்று மாவு சலிக்கும்போது வந்தது. அன்றைக்கு ஆலையிலிருந்து சைக்கிளில் தவிடு வாங்கிவந்தது நீங்கள்தான். படியில் அளந்ததும் நீங்கள்தான். நீங்கள் கையால் தலை தட்டப் போனீர்கள். உங்கள் அக்கா, "தலை தட்டாதடா, கூம்பா அள. எம்புள்ள என்ன அவ்வளவு மலிவா?" என்றார்கள். நாம் எல்லாரும் சிரித்தோம்.

அப்படி இருக்க, சாட்சி எதற்குத் தம்பி? கோபமாகக் கேட்கவில்லை. எனக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

ருக்மணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

பூங்காவனம்


காஜா பெராங்
21-7-1957

தம்பிக்கு,

கடிதம் வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் சுகமில்லையோ என்று ருக்மணியின் தங்கையிடம் விசாரித்தேன். எல்லாரும் நன்றாக இருப்பதாகச் சொன்னாள், நிம்மதி. கோகிலா என்னோடுதான் இருக்கிறாள். நன்றாகச் சாப்பிடுகிறாள். புளிப்பு மாங்காயாகக் கேட்கிறாள்.

நீங்கள் பதில் போடாததால் நானே செமாபோக்குக்குப் போனேன். உங்கள் அக்கா ஆட்டுக்குத் தழை வெட்டிக்கொண்டிருந்தார்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"வாம்மா பூங்காவனம். கோட்டுக் கணக்குக் கேக்க வந்தியா?"

"உங்களுக்கு எப்படி அண்ணி தெரியும்?"

"தைப்பூசத்துக்கு வந்தான்ல பொன்னுதுரை. மொதல்ல எங்கிட்டதானே காட்டுனான்."

"பாத்தீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. கோடு தெரியுமில்ல? எல்லார் பேருக்குக் கீழயும் கோடா ஓடுது. ஒம்புருசன் பேருக்குக் கீழ ரெண்டு. எனக்குக் கீழ ஒண்ணுமில்ல. நீ நம்ப மாட்ட, வெரல வச்சுத் தேடிப் பாத்தேன். 'டேய், தியாகுவ எனக்குக் கீழ போடுடா'ன்னேன்."

"அவர் என்ன சொன்னாரு?"

"'அண்ணி கேப்பாங்களே அக்கா'ன்னான். 'அவளா? அவ எந்தக் காலத்துல வாயத் தொறந்து கேட்டா?'ன்னேன்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "கேட்டுட்டியேடி," என்றார்கள்.

என் வீட்டுக்காரர் லாரியில் ஏறும்போது சொன்னதைச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறியது. அது அவர்கள் கூடப்பிறந்த தம்பி அல்லவா. வெட்டிய தழையை அள்ளி ஆட்டுக்குப் போட்டார்கள். பிறகு, "வெலைக்கு வாங்குனத யாராச்சும் சும்மா திருப்பிக் குடுப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். காப்பிகூடக் கொடுக்கவில்லை. எனக்கும் எழுந்து வருவதைத் தவிர வழியில்லை.

பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். வங்கி முனை தாண்டும்போது சட்டென்று பிடிபட்டது. தரமாட்டேன் என்று அவர்கள் சொல்லவில்லை. சும்மா தரமாட்டேன் என்றுதான் சொன்னார்கள்.

உங்கள் மேல் எனக்கு வருத்தமில்லை தம்பி. தாயில்லாத உங்களைத் தூக்கி வளர்த்தவர்கள் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? ஆனால் எனக்கு இது தெரிய வேண்டியிருந்தது. கை தவறியது என்றே நினைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

இனியாவது எழுதுங்கள்.

பூங்காவனம்


ஈப்போ
12-8-1957

அண்ணிக்கு,

எல்லாரும் நலம். உங்கள் கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பதில் எழுத ஆரம்பித்துக் கிழித்தவை நிறைய.

அக்கா கேட்டபோது, தாளில் ஒரு கோடுதானே, யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். உங்களுக்கு கோகிலா இருக்கிறாள் என்றும் நினைத்தேன். இப்படி ஒரு கணக்கு என் மனதில் ஓடியதற்கு எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தியாகுவின் பேரை இப்போது அக்காவுக்குக் கீழேயிருந்தும் சுரண்டி எடுத்துவிட்டேன். ஓரத்தில் பென்சிலால் மட்டும் எழுதியிருக்கிறது. நீங்கள் இருவரும் சொல்வதுதான் மையில் ஏறும். ஆவணியில் அவன் வருஷத் திதி வருகிறது. சுதந்திர நாள் கொண்டாட்ட வேலை இருப்பதால் ஆபீசில் லீவு தரமாட்டார்கள் போலிருக்கிறது. என்னால் வர முடியாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொன்னுதுரை


காஜா பெராங்
15-9-1957

தம்பிக்கும் ருக்மணிக்கும் பிள்ளைகளுக்கும்,

இங்கே நாங்கள் நலமாக இருக்கிறோம். கோகிலாவுக்கு வயிறு நன்றாக வெளியே தெரிகிறது. நீங்கள் திதிக்கு அனுப்பிய வேட்டி வந்தது.

சுதந்திர நாள் இங்கே ஒரே கூட்டம். திடல் பக்கம் பூராவும் கொடி. பாக்கியலட்சுமி வீட்டார் கூப்பிட்டார்கள் என்று நானும் போனேன். சின்னச் சின்னப் பிள்ளைகள் தோளில் உட்கார்ந்து கொடி ஆட்டின. போன வருஷம் இதே திடலில் சுதந்திரத் தேதியைச் சொன்னபோது தியாகு லாரி மேலே ஏறி நின்று பார்த்ததாக வந்து சொன்னான். "அத்தை, நாம இனிமே இந்த ஊர் ஆளுங்க"ன்னான். அப்போ இதுவரைக்கும் யாரு என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே சோற்றுத் தட்டை நீட்டினான்.

அது போகட்டும். திதிக்கு முன்னால் தவிடு தேடினேன். இங்கே டெடாக் என்று கேட்டால்தான் கடையில் தெரியும். சீனக் கடைக்காரர் கோழிக்கா வாத்துக்கா என்று கேட்டார். பிள்ளைக்கு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, கல் இல்லாத நல்ல தவிடாக உள்ளேயிருந்து எடுத்துவந்து கொடுத்தார்.

உங்கள் அக்கா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள். நான் வருவேன் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்தில் முறம் இருந்தது.

"கொண்டாந்தியா?"

"கொண்டாந்தேன் அண்ணி."

"அள."

படியில் அளந்தேன். "கூம்பா," என்றார்கள். கூம்பாகவே வைத்தேன். மடியை விரித்தார்கள். கொட்டினேன். தவிட்டைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தார்கள். அப்புறம் முறத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்கள். அதில் ஒன்றுமில்லை. என்ன கொடுப்பது, பிள்ளை இல்லையே. நான் அதை வாங்கினேன். பச்சைப் பிள்ளையை வாங்குகிற மாதிரி அடியில் கை கொடுத்துத்தான் வாங்கினேன். வேறு மாதிரி வாங்கத் தோன்றவில்லை.

"இப்ப நான் அவனுக்கு யாரு?" என்று கேட்டார்கள்.

"அத்தை," என்றேன்.

"ம். நீ இத்தினி வருசம் இருந்தது." மடியிலிருந்த தவிட்டை முடிந்துகொண்டே கேட்டார்கள். "எப்படி இருந்துச்சு ஒனக்கு?"

நான் யோசித்துப் பார்த்தேன். "சோறு போடுறப்ப ஒண்ணும் தெரியாது அண்ணி. யாராச்சும் பேரு கேட்டாத்தான்," என்றேன்.

அன்றைக்குக் காப்பி கொடுத்தார்கள். சீனி கூடப் போட்டிருந்தார்கள்.

திதி அன்று இலை போட்டோம். உங்கள் அக்காவும் வந்திருந்தார்கள். இலைக்கு முன்னால் உட்கார்ந்து, மகனே, சாப்பிடு என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். கோகிலா மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

இனி நீங்கள் மையைத் தொடலாம். அக்காவும் சொல்லச் சொன்னார்கள்.

பூங்காவனம்


ஈப்போ
6-10-1957

அண்ணிக்கு,

வணக்கம். எங்கள் வீட்டில் அனைவரும் சுகம். உங்கள் கடிதத்தை ருக்மணிக்குப் படித்துக் காட்டினேன். பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டாள். பிறகு அவளே எடுத்துப் படித்தாள்.

புதுத் தாள் வாங்கி முழுவதையும் மறுபடி எழுதிவிட்டேன். அண்ணன் அப்பாசாமி, பக்கத்தில் பூங்காவனம். உங்களுக்குக் கீழே தியாகு, கோகிலா. கறுப்பு மை. உங்களுக்கு மேலேயும் கோடு போட இடம் விட்டிருக்கிறேன், உங்கள் தாய் தகப்பன் பேரை எழுதி அனுப்புங்கள். ருக்மணிக்கும் அப்படியே.

ஒன்றே ஒன்று. எல்லாம் எழுதி முடித்துப் பார்த்தால், அக்காவின் பேருக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. சரியானதுதான். ஆனால் கண் அங்கேயே போகிறது.

கோகிலாவுக்கு நாள் நெருங்கியதும் தந்தி கொடுங்கள்.

பொன்னுதுரை


காஜா பெராங்
17-11-1957

தம்பிக்கும் ருக்மணிக்கும்,

தந்தி கிடைத்திருக்கும். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். தலை நிறைய முடி. அழுதால் பாக்கியலட்சுமி வீடு வரைக்கும் கேட்கிறது. உங்கள் வீட்டில் எல்லாருக்கும் சீனி கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் தகப்பன் பேர் சடையன். தாய் பேர் குப்பம்மாள். அதற்கு மேலே எனக்குத் தெரியாது. கேள்விக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு சேதி சொல்ல வேண்டும். கோகிலாவுக்கு இந்தப் பழக்கத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது என்று நினைத்திருந்தேன். பிரசவமாகி இரண்டு நாள் பிள்ளையைக் கீழே விடாமல் வைத்திருந்தாள். தூங்கவும் இல்லை. அப்புறம் அவளாகவே, "அம்மா, பெரியத்தையைக் கூப்பிடுங்க," என்றாள். எதுக்கு என்றேன். "போன பிள்ளையையும் இப்படித்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்," என்றாள். நான் ஆளை மட்டும் அனுப்பினேன். நான் சொல்லித்தான் இவள் செய்கிறாள் என்று யாரும் பேசக்கூடாது பாருங்கள்.

உங்கள் அக்கா தீட்டுக் கழித்த அன்று வந்தார்கள். தெருவில் போகிறவர் போல வரவில்லை. அந்தப் பொறுமை இல்லை. நேராக முறத்துக்கிட்ட வந்து நின்றார்கள். சேலை முந்தானையில் ஒரு மூட்டை.

"பிள்ள வெலைக்காடி?"

"தவிட்டுக்கு, அத்தை," என்றாள் கோகிலா. கண் கலங்கியிருந்தாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

மூட்டையைப் பிரித்தால் நான் கொடுத்த அதே தவிடு. ஆட்டுக்குப் போடாமல் வைத்திருக்கிறார்கள். "வண்டு விழுந்துருச்சு. சலிச்சு எடுத்தாந்தேன். அதுல ஒரு கை கொறஞ்சிருக்கும்," என்றார்கள்.

"எங்க பிள்ள என்ன அவ்வளவு மலிவா?" என்றேன் நான்.

உங்கள் அக்கா என்னை முறைத்தார்கள். பிறகு சிரிப்பு தாங்கவில்லை அவர்களுக்கு. வீட்டுக்குள்ளே போய் என் டின்னிலிருந்து ஒரு கை அரிசி மாவை அள்ளிவந்து மேலே போட்டுக் கூம்பாக்கினார்கள்.

இந்தத் தடவை நாங்கள் நாள் குறித்துக்கொண்டோம். ஐந்தாவது பிறந்த நாளில் மாரியம்மன் கோயில் வாசலில் மீட்பது. காய்ச்சல் வந்தாலும், ஆண்பிள்ளை ஊரில் இல்லாவிட்டாலும், மீட்பது. உங்கள் அக்காதான் இரண்டு தடவை சொல்லச் சொன்னார்கள். "நான் மறந்தாலும் நீ வந்து கேளு. வாயத் தொறந்து கேளு," என்றார்கள்.

பிள்ளைக்கு சிவகாமி என்று பேர். பேச்சு வந்தால் உங்கள் அக்காவைத்தான் அம்மா என்று கூப்பிடும். கோகிலாவை வேறு என்னவாவது சொல்லும். ஊரில் எல்லாரும் அதைக் கேட்பார்கள், ஜெயபாலனும் கேட்பார். கூப்பிடுகிறபடி அது கூப்பிடட்டும் தம்பி. நீங்கள் கோட்டை மட்டும் இப்போதே மையில் போட்டுவிடுங்கள், கோகிலாவுக்குக் கீழே.

பூங்காவனம்